டோக்கன் நம்பர் 47

“டாக்டர்கள் தங்களுக்கு செக்கப் செய்துகொள்வார்களா? ரிசல்ட் வருகிறவரைக்கும் எங்களைப் போல வயிற்றில் புளியைக் கரைக்குமா, இல்லை, எல்லாம் தெரியும் என்பதால் நிம்மதியாக இருப்பார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு இப்போது 57 வயது. பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்ததிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறு டவுனில் கிளினிக் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் செக்கப் பக்கமே போவதில்லை. தலை வலித்தால் மேஜை டிராயரில் கிடக்கும் சாம்பிள் மாத்திரை. நெஞ்சு கரித்தால் இன்னொரு சாம்பிள். கான்ஃபரன்ஸில் இதய டாக்டர் நண்பர் யாராவது கண்ணில் பட்டால், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “எனக்கு ஒரு பேஷண்ட் இருக்காருப்பா, வயசு ஐம்பத்திரண்டு...” என்று ஆரம்பித்துத் தன் கதையையே சொல்லி யோசனை கேட்டுக்கொள்வது. நானும் அப்படிக் கேட்டவன்தான்.

பயம் உண்டா என்றால், உண்டு. அதிலும் எங்கள் பயத்துக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது: எந்த வியாதிக்கு அடுத்த கட்டம் என்ன என்பது மனப்பாடமாகத் தெரியும். நிம்மதியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி பிடிவாதமாக மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு நாள் குறித்துவிட்டாள். எங்கள் அப்பாவுக்கு 56 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு அப்போது 54. இது அவள் போட்ட கணக்கு. நானும் போட்டு வைத்திருந்தேன், வெளியே சொன்னதில்லை.

காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு கவுன்ட்டரில் நின்றேன். ஃபாரத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம். டாக்டர் என்று எழுதினால் எழுந்து நிற்பார்கள், வரிசையில் முன்னால் விடுவார்கள். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் வேடிக்கை பார்க்கிற ஆசை. ‘சுயதொழில்’ என்று எழுதினேன். டோக்கன் 47.

இரத்தம் எடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். “அப்பா, கையை நல்லா நீட்டுங்க. லேசா சுருக்குனு இருக்கும், பயப்படாதீங்க.” நல்ல கை, ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ‘அப்பா’ என்னை என்னவோ செய்தது. என் கிளினிக்கில் ஐம்பது தாண்டிய எல்லாரையும் நான் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். பாசத்தில்தான் கூப்பிடுகிறேன். கேட்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தையில் பத்து வயது கூடிவிடுகிறது என்பது எனக்குத் தெரியாது.

அடுத்து கேன்டீன் கூப்பன். இரண்டு இட்லி, பொங்கல், வடை, காபி. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சுகர் எடுப்பார்கள். பொங்கலையும் வடையையும் தொடாமல் ஒதுக்கினேன். காபியில் சர்க்கரை வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் சாப்பிடும் அழகை மனைவி எதிரே உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை. சோதனைக்கு நாலு நாள் முன்பு சோற்றைக் குறைத்துவிட்டு வந்து “சுகர் நார்மல், டாக்டர்!” என்று சிரிக்கிறவர்களை நான் எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியேதான் உண்மையான சோதனை. “ஒரு லிட்டர் தண்ணி குடிங்க, முட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க” என்றார்கள். சொன்னேன். “உங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர்” என்றார்கள். நடுவில் அவசர கேஸ் ஒன்று உள்ளே போனது. நாற்பது நிமிஷம். ‘ஃபுல் பிளாடரோடு வரவும்’ என்று சீட்டில் எழுதுவதற்கு எனக்கு இரண்டு விநாடிதான் ஆகும்.

“சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, அதுக்குள்ள பிபி பார்த்துடலாம்” என்று ஒரு சிஸ்டர் என்னை அந்த நிலையிலேயே கூட்டிக்கொண்டு போனார். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல். கால் மேல் கால். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றி, அது புஜத்தை இறுக்கிப் பிடித்திருக்க, அதற்குக் கீழே பட்டையைச் சுற்றினார். கை என் மடியில் கிடந்தது. ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பட்டனை அமுக்கினார். நானும் பதில் சொன்னேன். 168/104.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பிபி பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்துக்கு ஒரு மேஜை மேல் இருக்க வேண்டும். கை பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தாலே ஏழெட்டுப் புள்ளி கூடுதலாகக் காட்டும். பேசினால் கூடும், சிறுநீர் முட்டினால் கூடும், கால் மேல் கால் போட்டால் கூடும். புஜம் பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தாலும் கூடும். அரை மணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ கூடாது. ஒரு தடவை பார்த்ததோடு விடாமல், ஓரிரு நிமிஷம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் அந்த சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஊசியும் பட்டையும் அவர் கையில் இருக்கும்போது, சட்டைக் கை சுருண்டு கிடக்கிற ஆள் பாடம் நடத்த முடியாது. பேஷண்ட்டுகள் ஏன் எங்களிடம் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அதற்கான பதில் அந்த ஸ்டூலில் கிடைத்தது.

168-ஐப் பார்த்ததும் என் மூளை உடனே ஒரு காரணத்தைத் தேடி எடுத்தது: வெள்ளைக் கோட்டு பிபி. இது கட்டுக்கதை இல்லை. இத்தாலியில் மான்சியா என்ற மருத்துவரின் குழு 1983-இல் 48 பேருக்கு இரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியை வைத்து இரவும் பகலும் பிபியைப் பதிவு செய்தது. பிபி பார்க்க டாக்டர் கட்டிலருகே வந்ததும் மேல் அளவு சராசரியாக 27 புள்ளியும் கீழ் அளவு 15 புள்ளியும் ஏறின. நர்ஸ் வந்தபோது ஏற்றம் அந்த அளவுக்கு இல்லை என்று பின்னால் அதே குழு காட்டியது. இருபத்தைந்து வருஷமாக வெள்ளைக் கோட்டு போடுகிற ஆளுக்கே வெள்ளைக் கோட்டைப் பார்த்து பிபி ஏறுகிறதா என்று சிரித்தேன். சிரித்ததோடு அதைத் தள்ளியும் விட்டேன். தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

மதியம் கன்சல்டன்ட் அறை. கதவைத் திறந்தால், உள்ளே இருந்தவர் எனக்கு ஜூனியர். ஒரே கல்லூரி, ஐந்தாறு பேட்ச் பின்னால். “சார்! நீங்க எங்க சார் இங்க? சொல்லியிருந்தா வரிசையிலே நிக்க விட்டிருக்க மாட்டாங்களே!” என்று எழுந்து நின்றுவிட்டார். டீ வந்தது. பழைய ஹாஸ்டல் மெஸ், கைநடுங்கும் அனாடமி புரொஃபசர், யார் யார் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று இருபது நிமிஷம் போனது. கடைசியில் என் ஃபைலை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். “நீங்களே பார்த்துடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?”

அவருடைய மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிகரெட் உண்டா, குடி உண்டா, தூக்கம் எப்படி, அப்பாவுக்கு என்ன வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே தொங்கியது. கையைப் பிடித்து நாடி பார்க்கவில்லை. “பிபி கொஞ்சம் ஏறியிருக்கு... டென்ஷன்தானே சார்?” என்று அவரே எனக்காகப் பதிலும் சொல்லிவிட்டார். தலையாட்டினேன். முக்கியமான ஆளுக்குச் சலுகை காட்டப் போய் வழக்கமான வைத்தியம் விட்டுப்போவதை ஆங்கில மருத்துவத்தில் ‘விஐபி சிண்ட்ரோம்’ என்பார்கள். வைன்ட்ராப் என்ற மனநல மருத்துவர் 1964-இல் எழுதிய கட்டுரை அது. மந்திரிகளுக்குத்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன். என் மனைவி அந்த இருபது நிமிஷமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரும் டாக்டரும் பேசும்போது நாம் எதற்கு என்று நினைத்திருக்கிறாள்.

ராத்திரி பத்து மணிக்கு முழு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. 72 அளவுகள். அதில் ஐந்து தடித்த எழுத்தில். பேஷண்ட்டுகள் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது அந்தக் கறுப்பு எண்களின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு கொடுப்பார்கள். நானும் அதையேதான் முதலில் பார்த்தேன், வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அந்தத் தடித்த எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சோதனைகளில் ‘நார்மல்’ என்று அச்சடித்திருப்பது, ஆரோக்கியமான 100 பேரைச் சோதித்தால் 95 பேருக்கு வருகிற அளவு. மீதி ஐந்து பேருக்கும் நோய் இல்லை, ஆனால் எண் கறுத்திருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனைகளைச் செய்தால், ஆரோக்கியமான 100 பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது கறுத்து வரும். 72 செய்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் ஐந்தில் மூன்று இந்த ரகம். ஸ்கேனில் இடது கிட்னியில் ஒரு சின்ன நீர்க்கட்டி என்று இருந்தது. ஐம்பது தாண்டியவர்களிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான், ஒன்றும் செய்ய வேண்டாம். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் கிட்னி நீர்க்கட்டியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையாகப் பார்க்க வேண்டிய எண் ஹெச்பிஏ1சி. 6.1. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அவற்றில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை இது காட்டிவிடும். ஒதுக்கிய பொங்கலும் வடையும் இங்கே செல்லாது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானபோது, சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, இந்த முந்திய நிலையில் 13.6 கோடி என்று கணக்கிட்டார்கள். அந்த 13.6 கோடியில் ஒருவருக்கு நான் என்ன சொல்வேன்? “பயப்படாதீங்க, இது வார்னிங் பெல்தான், தினம் நடங்க, சோற்றைக் குறைங்க.”

எனக்கு நானே என்ன சொன்னேன் தெரியுமா? இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாக ஏறும் என்று ஞாபகம் வந்தது. என் ஹீமோகுளோபின் 14.2. சரி, அது இல்லை. லேப் மெஷின் சரியில்லாமல் இருக்கலாம். பத்து நாள் கழித்து வேறு லேபில் கொடுத்தேன். 6.0. “பார், குறைஞ்சிருக்கு” என்று மனைவியிடம் காட்டினேன். வீட்டில் காலையில் பிபி பார்த்தால் 144/92. வீட்டில் பார்க்கும் பிபிக்கு எல்லை 135/85 என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மெஷின் பழசு என்றேன். முப்பது வருஷமாகச் சேர்த்த படிப்பு முழுக்க எனக்கு வக்கீலாக நின்று வாதாடியது. உங்கள் கேள்வியில் ‘எல்லாம் தெரியும் என்பதால்’ என்று இருக்கிறதே, தெரிந்ததை நான் இதற்குத்தான் பயன்படுத்தினேன். படிக்காத மனிதர் 168-ஐக் கேட்டால் பயந்துபோய் மறுவாரமே டாக்டரிடம் ஓடுவார். எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

நாலு மாதம் கழித்து மனைவியே திருச்சியில் ஒரு பெண் டாக்டரைக் கண்டுபிடித்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், முன்பின் தெரியாதவர். உள்ளே போனதும், நான் டாக்டர்தான், ஆனால் முடிவை என்னிடம் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் லேசாகச் சிரித்து, “சரி சார்” என்று சொல்லிவிட்டு, கதவைப் பார்த்து, “அம்மா, நீங்களும் உள்ளே வாங்க” என்றார்.

முதலில் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார். 98 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90-க்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும். 72 அளவுகள் எடுத்த அந்த பேக்கேஜில் பத்து ரூபாய் டேப்புக்கு இடமில்லை. அப்புறம் மனைவியிடம் திரும்பி, “குறட்டை விடுவாரா?” என்று கேட்டார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள். பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும். நடுவில் திடீரென்று சத்தம் நின்றுவிடும், மூச்சே இருக்காது, தட்டி எழுப்பலாமா என்று நினைக்கும்போது ஒரு திமிறலோடு மறுபடி ஆரம்பிக்கும். ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போகிறார். மத்தியானம் ஒரு பேஷண்ட் போய் அடுத்தவர் வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்குகிறார் என்று கம்பவுண்டர் தம்பி சொன்னான். பத்து நிமிஷம் பேசினாள். இதில் ஒன்றைக்கூட நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. மறைக்கவில்லை, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான். பாத்ரூம் போவது புராஸ்டேட்டாக இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

ஸ்டாப்-பேங் என்று எட்டுக் கேள்வி கொண்ட ஒரு பட்டியல் உண்டு. கனடாவில் ஃபிரான்சஸ் சங் என்ற மயக்க மருத்துவர் குழு 2008-இல் உருவாக்கியது. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இருக்க நிறைய வாய்ப்பு. எனக்கு ஆறு. 24 மணி நேர பிபி மெஷினைக் கட்டி அனுப்பினார். தூங்கும்போது பிபி பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்க வேண்டும். எனக்கு இறங்கவே இல்லை. ராத்திரிச் சராசரி 134/84. ராத்திரிக்கு எல்லை 120/70. தூங்குகிற மனிதன் யாருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தான்? என் வக்கீலுக்கு அதற்குமேல் வாதமில்லை. தூக்கச் சோதனையில் மணிக்கு 34 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. முப்பதைத் தாண்டினால் தீவிரம் என்று பெயர்.

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்புகிற சி-பாப் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுக்கிறேன். முதல் மூன்று வாரம் நரகம், அதற்குப் பிறகு பழகிவிட்டது. அது பிபியைச் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் குறைக்கும். மீதிக்குத் தினம் ஒரு பிபி மாத்திரை, டெல்மிசார்டன் 40. சுகருக்கு மாத்திரை வேண்டாம், நடங்கள் என்றார். சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழு சர்க்கரைக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வை அவர் என்னிடம் எடுத்துச் சொன்னார். சும்மா விட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது; நடையும் சாப்பாட்டு மாற்றமும் இருந்தவர்களில் 39 சதவீதம். இதை நான் என் பேஷண்ட்டுகளுக்குப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

“அப்போ நாங்க செக்கப் பண்ணிக்கணுமா, வேண்டாமா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். பொதுவான செக்கப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவை ஆயுளைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளின் தொகுப்பில் தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2012-இலும் 2019-இலும் இதையே சொன்னது. விலை உயர்ந்த பேக்கேஜில் வரும் புற்றுநோய் மார்க்கர்களை, அதாவது புற்றுநோய்க்கு அடையாளம் தேடும் சிஇஏ, சிஏ-125 போன்ற இரத்தச் சோதனைகளை, நான் யாருக்கும் சும்மா எழுதுவதில்லை. சிகரெட் பிடித்தால் சிஇஏ ஏறும், மாதவிடாய் நாளில் சிஏ-125 ஏறும், அப்புறம் ஸ்கேன் மேல் ஸ்கேன். தென்கொரியாவில் கழுத்து ஸ்கேனைச் செக்கப்போடு சேர்த்தார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கானார்கள். அதனால் சாகிறவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. கழுத்தை அறுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

நான் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான்: பிபி, சுகர், இடுப்பளவு, கொலஸ்ட்ரால். பிபியோ சுகரோ இருந்தால் கூடவே கிட்னிக்காகச் சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும். புகையிலை போடுகிறவர்களுக்கு டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும். இந்தக் கடைசிச் சோதனைக்கு நம் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கிற சோதனையை ஒரே ஒரு தடவை செய்ததில், அந்தப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எந்தப் பெரிய மெஷினும் இல்லை. பிபி, சுகருக்கு பெரிய ஆஸ்பத்திரி தேவையே இல்லை, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

என் கிளினிக்கில் ஸ்டூலை எடுத்துவிட்டுச் சாய்மானம் உள்ள நாற்காலி போட்டேன். பிபி பார்க்கும்போது நானும் வாயை மூடிக்கொள்கிறேன். ‘அப்பா’ மட்டும் இன்னும் வாயில் வந்துவிடுகிறது. பேஷண்ட் டாக்டராகவோ வாத்தியாராகவோ இருந்தால் கூட வந்தவரை முதலில் உள்ளே கூப்பிடுகிறேன். போன மாதம் கண் டாக்டர் ஒருவர் வந்தார். “எனக்கு ஒரு பேஷண்ட்...” என்று ஆரம்பித்தார். “உங்க வீட்டம்மா எங்கே சார்?” என்று கேட்டேன்.

எனக்கு அடுத்த செக்கப் வருகிற மாசம். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி 5.8. இந்தத் தடவை ஆறைத் தாண்டியிருக்குமோ என்று இப்போதே வயிற்றில் புளி கரைகிறது. தீபாவளிப் பலகாரத்தை நான் ஒதுக்கவில்லை. மனைவி கூட வருகிறாள், உள்ளேயும் வருவாள். எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள். என்னிடம் காட்டமாட்டேன் என்கிறாள்.